இடது கண்ணில் சந்தனம்

போன வாரம் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் மருமகளுக்கு நாலு நாளாக விடாத காய்ச்சல். ரத்தம் எடுத்து ஒரு சின்ன பாட்டிலில் விட்டார்கள். அங்கே வேலை செய்யும் பெண் அதை எடுத்துப்போய் பீரோ மாதிரி நின்ற ஒரு மெஷினுக்குள் செருகினாள். நானும் ஒரு காலத்தில் இந்த வேலை செய்தவள் என்று சொன்னதால் உள்ளே வந்து பார்க்க விட்டாள்.

"இதுல கிருமி வளந்தா எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"பாட்டிலுக்கு அடியில ஒரு லைட் இருக்குதும்மா. அது அடிச்சிக்கினே இருக்கும். கலர் மாறினா மெஷினே பாத்து சத்தம் குடுக்கும். நாம ஒண்ணும் பாக்க வேணாம்."

உன்னைத்தான் நினைத்தேன். வேறு யாரை நினைப்பேன்? அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மெஷினின் நெற்றியில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து வெடித்து, ஒரு துளி கீழே வழிந்த கோடும் தெரிந்தது.

"அதைத் துடைச்சிடும்மா" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். "தகரத்து மேலதானேம்மா இருக்குது, உள்ள போவாது" என்றாள். நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன். மருமகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து என் மகன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான்.

நீ போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். இதற்கு நீ பதில் போட முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேனோ என்னவோ. என் லட்சணம் உனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் டாக்டர் ஒருவர் நடத்திய அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தோம். ரத்தம், சிறுநீர், அதோடு ஓட்டல்காரர்களும் விடுதிக்காரர்களும் கொண்டுவரும் கிணற்றுத் தண்ணீர். நான் கண்டமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ திண்டிவனத்தில் ரேடியோ கடை வைத்திருந்த உன் அண்ணன் வீட்டிலிருந்து ரயிலில் வருவாய். நான் லேப் டெக்னீசியன் படிப்பு. நீ பி.எஸ்ஸி. இயற்பியல். இயற்பியல் படித்தவளுக்கு மூத்திரம் பார்க்கிற இடத்தில் என்ன வேலை என்று டாக்டரே கிண்டல் செய்வார். ஒருநாள் அவருடைய பழைய எந்திரம் ஒன்றை நீ பிரித்து மாட்டி ஓட வைத்தாய். அதற்குப் பிறகு கிண்டல் நின்றது.

செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண் நீ. குடிதண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பாய். அந்தத் துணியை மடித்துப் பையிலேயே வைத்திருப்பாய். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தண்ணீரில் இருக்கும் சின்னச் சின்ன உயிர்களுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று உன் வீட்டில் வழிவழியாகத் துணி கட்டி வடித்தார்கள். நீயோ அந்த உயிர்களைத் தேடிப் பிடிக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தாய். பரிசோதனை முடிந்த டெஸ்ட் டியூப்களை ஆவியில் வேகவைத்துக் கிருமிகளைச் சாகடிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு வெளியே போய் நிற்பாய்.

"கொல்றது நான், புண்ணியம் உனக்கா?" என்று கேட்பேன்.

"நீ ஆட்டுக்கறி துன்றவதானே, உனக்கு இது ஒரு கணக்கா? ஜல்தி முடிடி" என்பாய்.

தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று அந்தக் காலத்தில் நாம் எப்படிப் பார்த்தோம்? கிருமி வளர்வதற்கென்று காய்ச்சிய சத்து நீரைத் தெளிவாக டெஸ்ட் டியூபில் ஊற்றி, அதில் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். மறுநாள் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். கலங்கியிருந்தால் கிருமி. தெளிவாக இருந்தால் இல்லை. மனிதக் கண்ணுக்குக் கலங்கல் தெரிவதற்குள் ஒரு ராத்திரி போய்விடும், அதற்குள் அந்தத் தண்ணீரை ஊரே குடித்துவிடும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய்.

அப்படித்தான் அந்தப் பெட்டி பிறந்தது. சதுரமான பிஸ்கட் டப்பா ஒன்று. உள்ளே கறுப்புப் பெயிண்ட். நடுவில் டார்ச் லைட் பல்பு. பல்புக்கு இரண்டு பக்கமும் டெஸ்ட் டியூப் நுழைகிற மாதிரி மூடியில் இரண்டு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்கும் அந்தப் பக்கம் ஒரு கண். வெளிச்சம் பட்டால் மின்சாரத்தைத் தாராளமாக விடும், இருட்டினால் இறுக்கிப் பிடிக்கும் அந்தக் கொட்டைப்பாக்கு அளவு சாமானை உன் அண்ணன் கடையில் வாங்கினாய். அதை நீ கண் என்றே சொல்வாய். இடது ஓட்டையில் சுத்தமான சத்து நீர் இருக்கும் டியூப். வலது ஓட்டையில் கிணற்றுத் தண்ணீர் விட்ட டியூப். இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு வெளிச்சம் வந்தால் மேலே இருக்கும் முள் நடுக்கோட்டில் நிற்கும். வலது பக்கம் ஒரு துளி கலங்கினாலும் முள் வலதுபக்கம் சாயும்.

நம் கண்ணுக்கு மறுநாள் காலையில் தெரிவது அந்த டப்பாவுக்கு முதல்நாள் சாயங்காலமே தெரிந்தது. இரண்டு மாதம் ஒரு நோட்டில் எழுதினாய். சாயங்காலம் பெட்டி சொன்னது ஒரு கட்டத்தில், காலையில் நம் கண் சொன்னது அடுத்த கட்டத்தில், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுதுவதற்கு 'காரணம்' என்று கடைசிக் கட்டம். அந்தக் கடைசிக் கட்டம் மேலிருந்து கீழ்வரை காலியாகவே இருந்தது. மெட்ராஸில் ஒரு கல்லூரியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி உனக்குக் கடிதம்கூட வந்தது. அதை நீ எனக்குப் படித்துக் காட்டியபோது உன் குரல் ஏறி இறங்கியதைக் கேட்டு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? என் தங்கைக்கே வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அந்த ஆயுத பூஜை வந்தது. திண்டிவனத்தில் உன் அண்ணன் வீட்டுத் தெருவிலேயே இருந்த பெண்கள் விடுதியில், மழையில் சாக்கடை உடைந்து கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. கிணற்றைப் பூட்டிவிட்டு லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு கிணற்றை இறைத்து மருந்து போட்டுவிட்டார்கள். மறுநாள் லாரிக்கு மாலை போட்டுப் பூஜை, தண்ணீர் வராது என்று டிரைவர் சொல்லிவிட்டான். ஊருக்குப் போகாத ஒன்பது பெண்கள் விடுதியில் இருந்தார்கள். கிணற்றைத் திறக்கலாமா என்று சாயங்காலத்துக்குள் தெரிய வேண்டும். பூஜையன்று விடியற்காலையில் நீயே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்தாய். காலை எட்டு மணிக்கு டியூபில் விட்டுச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்து, உன் டப்பாவின் முள்ளை நடுக்கோட்டில் நிறுத்திவிட்டு, எல்லோரிடமும் சொன்னாய்.

"இன்னிக்கி என் டப்பாவுக்கு பூஜ கிடையாது. வேல நடந்துக்கினு இருக்குது. யாரும் தொடாதீங்க."

மத்தியானம் மைக்ராஸ்கோப், தராசு, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கிப் பொட்டு வைத்தோம். நீ கீழே பொரி வாங்கப் போயிருந்தாய். ஜன்னலோரத்தில் உன் டப்பா மட்டும் தனியாக வெறும் நெற்றியோடு இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மெட்ராஸுக்குப் போகப்போகிற டப்பா அது. எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு அதற்கு மட்டும் வைக்காமல் விட்டால் ஆகாது என்று தோன்றியது. ஒரே ஒரு பொட்டுத்தானே என்று வைத்தேன். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துவிட்டிருந்தேன். அது மூடியில் ஓடி இடது ஓட்டைக்குள் வழிந்தது.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போதும் சொல்ல முடியாது. விரலை விட்டேன், எட்டவில்லை. நீ படியேறி வரும் சத்தம் கேட்டது. மூடியில் இருந்த பொட்டை முந்தானையால் துடைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு இரண்டு டியூபையும் ஓட்டையில் இறக்கி, விளக்கைப் போட்டாய். முள் நடுக்கோட்டை விட்டு அசையவில்லை.

"இன்னாடி இது, சாக்கட எறங்குன கெணறு, இவ்ளோ சுத்தமாவா இருக்கும்?" என்று நெற்றியைச் சுருக்கினாய்.

"மருந்து போட்டாங்க இல்ல? புதுத் தண்ணி ஊறியிருக்கும்."

"இல்ல, எதுக்கும் சுத்தமான டியூப ரெண்டு பக்கமும் வச்சி இன்னொரு வாட்டி முள்ளச் சரி பண்ணிட்டு பாக்கறேன். அதுக்கு அர மணி ஆவும்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். நீ பார்த்திருப்பாய். முள் கோணலாக நின்றிருக்கும். பெட்டியைத் திறந்திருப்பாய். எனக்கு அந்தச் சொட்டு ஞாபகம் வந்தது. சந்தனம்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று ஒரு மனசு சொன்னது. திறந்து பார்த்தால் என்னைப் பிடித்துத் திட்டுவாய் என்று இன்னொரு மனசு சொன்னது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பொழுது எறங்கிக்கினு போவுது. நீ காலைலருந்து ஒண்ணும் துன்னல. இனிமே பாத்துக்கினு உக்காந்தா ராத்திரி பட்டினிதான். ரெண்டு மாசமா தப்பு சொல்லாத டப்பா இன்னிக்கா சொல்லப்போவுது? போய்ச் சாப்பிடு, போ."

உன் பட்டினிமேல் வந்த அக்கறைபோல அதைச் சொன்னேன். நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாய். ஜன்னலில் வெயிலைப் பார்த்துவிட்டு, "சரிடி, உன் வாய்முகூர்த்தம்" என்று சிரித்தாய். டாக்டர் விடுதிக்குப் போன் போட்டார். கிணற்றைத் திறந்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் எனக்குத்தான் முறை. வந்ததும் வலது டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நீராகாரம் மாதிரி கலங்கியிருந்தது. ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் டப்பாவைத் திறந்தேன். இடது கண்ணின்மேல் சந்தனம் மெல்லிசாகக் காய்ந்து படிந்திருந்தது. எல்லாம் உடனே புரிந்தது. வலது பக்கம் கலங்கி வெளிச்சம் குறைந்திருக்கிறது. இடது பக்கம் சந்தனத்தால் வெளிச்சம் குறைந்திருக்கிறது. இரண்டும் சமம் என்று அந்த முள் நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆணியில் உன் வெள்ளைத் துணி தொங்கியது. தண்ணீர் வடிகட்டும் துணி. அதை நனைத்து அந்தக் கண்ணைத் துடைத்தேன். பளிச்சென்று ஆகும்வரை துடைத்தேன். மூடியைப் போட்டேன். அதற்கப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் போன் போட்டபோது விடுதியில் எடுக்க ஆளில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

ஒன்பது பேருக்கும் வாந்தி பேதி. நீ நேராகத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனாய். நானும் ஓடிவந்தேன். கட்டில் போதாமல் இரண்டு பெண்களைத் தரையில் போட்டிருந்தார்கள். பிரம்மதேசம் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமாகக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஏம்மா, படிச்ச புள்ளதானே நீ? நீ பாத்து சொன்னன்னுதானேம்மா என் பொண்ணு குடிச்சா? நல்லாப் பாத்திருக்கக் கூடாதா?"

"என் தப்புதாம்மா. நான்தான் சரியாப் பாக்கல. என்ன மன்னிச்சிடுங்க" என்று நீ அவள் காலில் விழுந்தாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கடவுள் புண்ணியத்தில் ஒரு வாரத்தில் ஒன்பது பேரும் தேறி வீட்டுக்குப் போனார்கள். நீதான் தேறவில்லை. "பிஸ்கட் டப்பாவ நம்பி கையெழுத்துப் போட்டேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று டாக்டர் உன் காதுபடவே சொன்னார். பத்து நாள் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பிரித்து மாட்டினாய். பல்பை மாற்றினாய், பாட்டரியை மாற்றினாய். கலங்கல் தண்ணீரை வைத்தால் முள் அழகாகச் சாய்ந்தது. எத்தனை தரம் வைத்தாலும் சாய்ந்தது. ஒருநாள் வடிகட்டும் துணியை எடுத்து முகர்ந்துவிட்டு, "இதுல இன்னாடி சந்தன வாசன?" என்று கேட்டாய். "பூஜ அன்னிக்கி கைய தொடச்சேன்" என்றேன். நீ அதை அப்படியே நம்பினாய்.

நான் ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும், தம்பிகள் இரண்டு பேர் படிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். அறிவியல் படித்தவள் மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கெடுத்தாள் என்று சிரிப்பார்களே, அதற்குத்தான் பயந்தேன். அவ்வளவு அற்பமான காரணம். ஒன்பது பெண்கள் வாந்தியெடுத்துக் கிடந்தார்கள், நீ காலில் விழுந்தாய், நான் என் மானத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ மெட்ராஸுக்குப் போகவில்லை. அந்த மாதமே வேலையை விட்டாய். கல்யாணமாகி ஊரோடு போய் மல்லாட்டைக் கடலை விவசாயம் பார்த்தாய். பத்து வருஷம் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாய். பிள்ளைகள், வீடு, மழை எல்லாம் பேசி முடித்துவிட்டு நீயே ஆரம்பித்தாய்.

"இன்னும் ரோசன பண்ணிக்கினுதான் கீறேன்டி. டப்பால தப்பே இல்ல. அப்போ முள்ளு சாஞ்சிருக்கு, நான்தான் நடுவுல நிக்கற மாதிரி பாத்திருக்கேன். பசியில கண்ணு இருட்டிச்சோ இன்னாவோ."

"நானும்தானே பாத்தேன்" என்றேன்.

"நீ இன்னா பாத்த, நான் சொன்னத நம்புன. அவ்ளோதான். உன்ன ஒண்ணும் நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

பாண்டி பஸ் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு பாண்டி பஸ் வந்தது. நான் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

துக்கம் கேட்க உன் ஊருக்குப் போனபோது உன் மகளைத்தான் பார்த்தேன். உன்னைப் போலவே நெற்றியைச் சுருக்கிப் பேசுகிறாள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எனக்குத் தூக்கமில்லை.

"அம்மா எதையும் தானே பாத்தா நம்ப மாட்டாங்க ஆன்ட்டி. தராசுல எடக்கல்லு வச்சாலும் என்னக் கூப்புட்டு, 'முள்ளு எங்க நிக்குது பாத்து சொல்லு'ன்னுவாங்க. அடுப்பு அணைஞ்சிருந்தாலும் கூப்புடுவாங்க. கடைசில மாத்திர அட்டையக்கூட நான்தான் பாக்கணும். உங்களப் பத்தி மட்டும் பேசிக்கினே இருப்பாங்க. ஆஸ்பத்திரிக்கு என்கூட வந்தவ அவ ஒருத்திதான்னு."

எந்த முள்ளையும் நம்பாத ஒரு வாழ்க்கையை நீ வாழ்ந்திருக்கிறாய். ரேடியோவுக்குள்ளே கையை விட்டு எது தப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள் நீ. அந்த விரல்களையும் கண்களையும் உன்னிடமிருந்து பறித்தது கிருமியும் இல்லை, டாக்டரும் இல்லை.

உன் மகள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள். உங்களுக்குத்தான் இது புரியும் என்றாள். புரிகிறது. அந்த நாளின் வரிசையில் பெட்டி சொன்னது, கண் சொன்னது, பிறகு காரணம். முதல் தடவையாக அந்தக் கட்டத்தில் உன் எழுத்து இருக்கிறது. பல்பு என்று எழுதி அடித்திருக்கிறாய். பாட்டரி என்று எழுதி அடித்திருக்கிறாய். மின்கம்பி, டியூபில் கீறல், சூடு, எல்லாவற்றையும் வேறு வேறு மையில், வேறு வேறு வருஷங்களில் எழுதி எழுதி அடித்திருக்கிறாய். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறாய். கடைசியாக 'என் கண்' என்று இருக்கிறது. அதை மட்டும் அடிக்கவில்லை.

நேற்று மருமகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தோம். சாயங்காலம் அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். யாராவது என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். என் மகன் கேட்டான். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அந்த ஆன்ட்டி பொண்ணு கிட்ட சொன்னியாம்மா?" என்றான். இந்த மடலை மடித்து அவளுக்குத்தான் அனுப்பப்போகிறேன். நோட்டும் அவளிடமே திரும்பிப் போகும். அவள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவது அதோடு நின்றுபோகலாம். போகட்டும்.

நீ எழுதியதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. உன் நோட்டில் உன் எழுத்தை அடிக்க நான் யார்? ஆனாலும் அடித்தேன். 'என் கண்' என்பதை அடித்துவிட்டு, இடமில்லாததால் பொடி எழுத்தில் கீழே எழுதினேன்: இடது கண்ணில் சந்தனம். வைத்தவள் நான், துடைத்தவளும் நான். அதன் பக்கத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.